குலச்சின்னமும் அதன் பொருளும்: ஸ்காட்லாந்துக் குலச் சங்கங்கள் - ஒரு நோக்கு

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் கேடயங்களின்மீது தோன்றிய சின்னமுறை, காலப்போக்கில் வழிவழி உரிமையாயிற்று. ஸ்காட்லாந்துக் குலங்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் அமைத்துள்ள குலச் சங்கங்கள் இத்தகைய சின்னங்களைத் தம் அடையாளமாகக் கொண்டுள்ளன. அவற்றிற்குப் பொதுவழக்கில் கூறப்படும் பொருளும், சின்னமுறை தரும் பொருளும் ஒன்றா என்பது ஆராய்தற்குரியது.

'எம் குலத்தின் கேடயச் சின்னம்' என்பது பொதுவழக்கு. ஆயின் ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயச் சின்னம் தனியொருவரின் உடைமையாகும். குடும்பப் பெயர் ஒன்றாயிருத்தலால் மட்டும் அவ்வுரிமை வாராது. சின்னங்களைப் பதிவேட்டில் பதியுமாறு 1672ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. லார்ட் லயன் என்னும் அலுவலரின் நீதிமன்றம் அவ்வுரிமைகளை இன்றும் காத்து வருகின்றது. எனவே குலத்தலைவரின் கேடயம் உண்டே தவிர, குலத்தின் கேடயம் என்று ஒன்றில்லை.

அடுத்து, 'அரிமா வீரத்தைக் குறிக்கும்' என்பது போன்ற அகராதிப் பொருள்கோளும் ஏற்கத்தக்கதன்று. பல சின்னங்கள் சொல்விளையாட்டாகப் பிறந்தவை. போவ்ஸ்-லயன் குடும்பச் சின்னத்தில் வில்லும் அரிமாவும் இடம்பெறக் காரணம் அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் குடும்பப் பெயருடன் ஒலியால் ஒத்திருத்தலே. இங்குச் சின்னம் பண்பைச் சுட்டவில்லை, பெயரைச் சுட்டுகின்றது.

அவ்வாறாயின் சங்க உறுப்பினர் அணியும் சின்னம் பொருளற்றதோ எனின், அன்று. கேம்பெல் குலத்தலைவரின் தலைச்சீராவின் உச்சியில் அமையும் முகட்டுச் சின்னம் பன்றித்தலை. 'மறவாதே' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் அவர்தம் குறிக்கோளுரை. குலத்தினர் இப்பன்றித்தலையை அணியுங்கால், குறிக்கோளுரை பொறித்த கொளுவியுடன் கூடிய வார்ப்பட்டை அதனைச் சூழ்ந்திருத்தல் வேண்டும். தலைவரோ தம் சின்னத்தின்பின் மூன்று கழுகிறகுகளை அணிவார். உருவம் ஒன்றாயினும், வார்ப்பட்டை சூழ்ந்தவழி 'இவருடைய சின்னம்' என்னும் பொருள் நீங்கி, 'இவர் சார்ந்த தலைவரின் சின்னம்' என்னும் பொருள் பிறக்கின்றது. ஈண்டுப் பொருளை வேறுபடுத்துவது உருவமன்று, அதன் சூழலே என்பது நோக்கத்தக்கது. பெயர்ச்சொல் மாறாதிருக்க, வேற்றுமை உருபு பொருளை வேறுபடுத்துதல் போன்றது இது.

இன்றைய வார்ப்பட்டை வடிவம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவிற்கு வருகை தந்தபோது வால்ட்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய விழாக்கள் குலமரபு பற்றிய ஆர்வத்தைப் பெருக்கின. இதனைக் கொண்டு சின்னத்தைப் போலி என்று தள்ளுதல் பொருந்தாது. குறியீட்டின் பழமை வேறு, அஃது உணர்த்தும் உறவு வேறு.

கடல் கடந்து வாழும் வழித்தோன்றலுக்கு முன்னோரின் நிலமும் மொழியும் பெரும்பாலும் எட்டாதவை. எஞ்சிய சில பற்றுக்கோடுகளுள் இச்சின்னமும் ஒன்று. 'இஃது எமது' என அவர் உரிமை கொண்டாடும்போது, சின்னம் அவருக்கு உண்மையாகவே அளிக்கும் சார்புப் பொருள் மறைந்துவிடுகின்றது. 'யாம் இன்னார் வழியினர்' என்று கூறுவதே சின்னத்தின் பணி. அப்பணியை விளக்கியுரைத்தலே மரபுச் சங்கங்களின் கடமையாகும் என்பது இதனால் தெளிவாகின்றது.