துக்க வீட்டில் மன்னிப்பு

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சிறிய வழக்கு வருகிறது. சபையில் யாரோ ஒருவன் பவுலின் மனம் நோகும்படி நடந்திருக்கிறான். அவன் பேர் என்ன, செய்தது என்ன என்று பவுல் சொல்லவில்லை. சபை கூடி அவனைக் கண்டித்தாயிற்று. அவனோ குற்ற உணர்வில் ஒடுங்கிக் கிடக்கிறான். தண்டித்தது போதும், அவனை மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துக்கமே அவனை விழுங்கிவிடும் என்று பவுல் பதறுகிறார். மன்னிப்பும் ஆறுதலும் ஒரே மூச்சில் வருகிற இடம் இது. நம் சபை மலர்களில் மன்னிப்புக்கு ஒரு கட்டுரை, ஆறுதலுக்கு ஒரு கட்டுரை என்று பிரித்துத் தருவதுதான் வழக்கம். எனக்கு அது உடன்பாடில்லை. இரண்டும் ஒரே வேலை என்றுதான் இத்தனை வருடம் துக்க வீடுகளுக்குப் போய்வந்த பிறகு எனக்குப் படுகிறது.

தமிழ்ச் சபைகள் பரமண்டல ஜெபத்தைச் சொல்லும் விதத்தையே பாருங்கள். சீர்திருத்த சபையில் வளர்ந்த நமக்கு அங்கே வருவது ‘கடன்’. கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் சொல்லிவந்த பழைய வடிவத்தில் வருவது ‘பொறுத்தல்’. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் இருப்பது கடன்தான். அதை விட்டுவிடுவது, போகவிடுவது என்ற பொருளில் அங்கே வினைச்சொல் நிற்கிறது. கடனைத் தள்ளுபடி செய்கிறவன் நஷ்டத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான். பொறுக்கிறவனோ சுமையைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறான். எந்தச் சொல்லை எடுத்தாலும் மன்னிக்கிறவருக்கு அதில் ஒரு செலவு இருக்கிறது. ‘ஆறுதல்’ என்ற நம் சொல்லும் அப்படித்தான். புண் ஆறும், பால் ஆறும். இரண்டுக்கும் நேரம் வேண்டும். பரிசுத்த ஆவியானவருக்கு யோவான் சுவிசேஷம் தரும் கிரேக்கப் பெயருக்குப் ‘பக்கத்தில் அழைக்கப்பட்டவர்’ என்று பொருள். நம் பழைய வேதாகமம் அதைத் தேற்றரவாளன் என்றது. பொது மொழிபெயர்ப்பு துணையாளர் என்றது. இரண்டாவது சொல் முதலில் எனக்கு ஒட்டவில்லை. இப்போது அதுவே சரியென்று நினைக்கிறேன்: தேற்றத் தெரியாதவர்கூடத் துணைக்கு இருக்கலாம்.

மன்னிப்பைப் பற்றித் திருச்சபை முதன்முதலில் கடுமையாகச் சண்டையிட்டது மூன்றாம் நூற்றாண்டில். கி.பி. 250-ஐ ஒட்டி ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். பயந்து பலியிட்டவர்களும், காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் ஏராளம். கொடுமை தணிந்ததும் அவர்கள் சபைக்குத் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நோவாத்தியன். சிறையில் வதைபட்டு வந்த சில விசுவாசிகளோ, தாங்கள் பட்ட பாட்டின் பேரில், கேட்டவர்க்கெல்லாம் சமாதானச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார். ஒவ்வொருவர் வழக்கையும் தனித்தனியே விசாரித்து, தவக்காலம் விதித்து, பிறகு சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. கொஞ்ச நாளில் மீண்டும் துன்புறுத்தல் வரும் அறிகுறி தெரிந்ததும், தவத்தில் இருந்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியதும் அவர்தான்.

அதே நாட்களில் பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியது. அப்போது ஜனங்களைத் தேற்ற நூல் எழுதியவரும் இதே சிப்ரியான். விழுந்தவர்களுக்கு மன்னிப்பின் வழியை வகுத்த கை, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு ஆறுதலும் எழுதியது. ஆனால் அந்த நூலில் ஓர் இடம் எனக்கு உறுத்துகிறது. பரலோகத்தில் வெள்ளை அங்கி தரித்தவர்களுக்காக இங்கே கறுப்பு உடுத்த வேண்டாம் என்கிறார். விசுவாசத்தின் பெயரால் கண்ணீருக்குத் தடை போடும் மரபு ஒன்று அங்கிருந்தும் கிளை விடுகிறது. அந்தியோகியாவிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் பிரசங்கித்த கிறிசோஸ்தம், கூலிக்கு மாரடிக்கும் பெண்களைத் துக்க வீட்டுக்கு அழைக்கிறவர்களைச் சபைக்குப் புறம்பாக்குவேன் என்று எச்சரித்தார். நம் ஊர்களிலும் மிஷனரிகள் காலந்தொட்டு ஒப்பாரியை அஞ்ஞான வழக்கம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கூலிக்கு அழுவதைக் கண்டித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில், பெற்ற தாயின் அழுகையையும் அடக்கினோம். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது அழாதே என்றா? நம்பிக்கையில்லாதவர்கள் அழுகிற மாதிரி அழாதீர்கள் என்றுதானே! அழுகைக்கு அங்கே தடையில்லை. லாசருவின் கல்லறைக்கு முன்னால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும், கர்த்தர் அழுதார்.

அகஸ்டின் இந்தத் தடையோடு போராடியவர். 387-இல் ஒஸ்தியா துறைமுகத்தில் தாய் மோனிக்கா இறந்தபோது அவரே அவள் கண்களை மூடினார். மகன் அதேயோதாத்து வாய்விட்டு அழ, சுற்றியிருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். அகஸ்டினும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கத்துக்குப் போய்வந்தார். குளித்தால் துக்கம் கழியும் என்று கேள்விப்பட்டுக் குளித்தும் பார்த்தார், கழியவில்லை. பிறகு தனிமையில் அழுது தீர்த்தார். படிக்கிறவர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், என்னை ஏளனம் மட்டும் செய்ய வேண்டாம் என்று தன் சுயசரிதையில் கடவுளிடமே எழுதி வைத்தார். ஆறுதலைப் பற்றிய பழைய நிருபங்களும் உரைகளும் எத்தனையோ உண்டு. நண்பனின் சகோதரி மகன் இறந்ததற்கு ஜெரோம் எழுதிய நிருபமும், சகோதரன் சாத்தீருவின் மறைவுக்கு அம்புரோஸ் ஆற்றிய உரையும் இலக்கணம் பிசகாத அருமையான படைப்புகள். ஆனால் துக்க வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது மோனிக்கா இறந்த அந்தப் பக்கங்களைத்தான்.

தமிழ் மரபில் இந்தக் கண்ணீருக்கு இடம் கொடுத்தவர்கள் கத்தோலிக்கர். கோவாவில் பிறந்து 1705-இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு ஆலயமும் குருவும் மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அவர் தமிழில் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ கர்த்தரின் பாடுகளைப் புலம்பலாகச் சொல்லும் நூல். தவக்காலத்தில் ஊர் கூடி, ராகம் இழுத்து, கண்ணீரோடு அதை வாசிப்பது இலங்கையின் கரையோரக் கிராமங்களில் வழக்கமானது. ஒப்பாரி வேண்டாம் என்று ஒரு பக்கம் ஒதுக்கிய அதே ஓசையை இன்னொரு பக்கம் சிலுவையடியில் கொண்டுபோய் வைத்தார்கள். மகனைப் பறிகொடுத்த தாய் தன் துக்கத்தை மரியாளின் துக்கத்தோடு சேர்த்து அழ வழி கிடைத்தது. தஞ்சாவூரில் வியாகுல மாதாவுக்குக் கோயிலே இருக்கிறது. நம் சபைகளில் அந்த இடத்தைக் கீர்த்தனைகளும் பாமாலைகளும் ஓரளவு நிரப்பின. ஓரளவுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கண்ணீரின் கதை இப்படி என்றால், மன்னிப்பு மேற்கே மெல்ல மெல்லத் தனியறைக்குள் போயிற்று. ஆண்டுக்கொரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கிழக்குச் சபைகள் அதைச் சபை நடுவிலும் வைத்துக்கொண்டன. பெரிய நோன்பின் வாசலில், மன்னிப்பு ஞாயிறு மாலையில், ஒவ்வொருவரும் அடுத்தவர் முன் வணங்கி மன்னிப்புக் கேட்கிறார்கள், குருவும் கேட்கிறார். கேரளத்துச் சுரியானி சபைகளில் நோன்பின் முதல் திங்களன்று இதே நோக்கத்தில் சுப்கோனோ ஆராதனை நடக்கிறது.

லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்ததை எல்லாரும் அறிவோம். அவர் ஆறுதல் எழுதியவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1519-இல் நோயில் விழுந்த சாக்சனி இளவரசர் பிரெடரிக்குக்காக அவர் பதினான்கு ஆறுதல்களை எழுதினார். மன்னிப்பின் நற்செய்தி நம்மிடம் வருகிற வழிகளை 1537-இல் வரிசைப்படுத்தியபோது, பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றோடு, சகோதரர் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வதையும் சேர்த்தார். திண்ணைப் பேச்சும் கிருபையின் வாய்க்கால் ஆகலாம் என்பது எவ்வளவு பெரிய வார்த்தை! 1542-இல் பதின்மூன்று வயது மகள் மகதலேனாள் அவர் கைகளில் உயிர்விட்டாள். அந்தத் துக்கம் அத்தனை எழுதிய அவரையும் உடைத்தது.

மன்னிப்பும் ஆறுதலும் ஒன்றாகிற இந்த மரபின் உச்சி என்று நான் கருதுவது பெரிய சபை எதிலும் இல்லை. 1569-இல் நெதர்லாந்தின் அஸ்பெரன் ஊரில், மறுஞானஸ்நானக்காரர் என்று சிறைப்பட்ட திர்க் வில்லெம்ஸ் தப்பி, உறைந்த நீர்நிலையைத் தாண்டி ஓடினார். துரத்தி வந்தவன் பனிப்படலம் உடைந்து நீரில் விழுந்தான். திர்க் திரும்பி வந்து அவனை இழுத்துக் காப்பாற்றினார், பிடிபட்டு எரிக்கப்பட்டார். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறவர்கள்தான் ஆமிஷ் மக்கள். 2006 அக்டோபர் 2-ஆம் தேதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், ஒரே அறை கொண்ட அவர்களுடைய பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். ஆமிஷ் பெரியவர்கள் அவன் மனைவியையும் பெற்றோரையும் தேடிப்போனார்கள். தங்கள் பிள்ளைகளைப் புதைத்த கையோடு அவன் அடக்கத்துக்கும் போய் நின்றார்கள். அவன் மனைவியும் துக்க வீட்டுக்காரிதானே! மன்னித்தோம் என்று வாயால் சொன்னதைவிட, துக்கம் விசாரிக்கப் போனதில்தான் அந்த மன்னிப்பு முழுமையாக இருந்தது.

நம் நாட்டில் 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப்பும் ஆறு வயது திமொத்தேயுவும் வண்டியோடு எரிக்கப்பட்டார்கள். கிரகாமின் மனைவி கிளாடிஸ் அம்மையார் மன்னித்தார். பாரிபதாவில் தொழுநோயாளர் பணியையும் விடாமல் நடத்தினார். வழக்கும் தன் வழியே நடந்து தீர்ப்பு வந்தது. மன்னிப்பு வழக்கின் குறுக்கே நின்று மறிக்கவில்லை. மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பை மலிவான கிருபை என்று 1937-இல் எழுதினார் ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அன்றைய தாக்குதல்களில் 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஈஸ்டரில் மன்னித்துவிட்டோம் என்றார் கர்தினால் மால்கம் ரஞ்சித். பின்பு உண்மையை வெளியே கொண்டுவாருங்கள் என்று ஓயாமல் கேட்டவரும் அவரே. இதை முரண்பாடு என்பவர்களோடு எனக்கு இசைவில்லை. எவ்வளவு கடன் என்று கணக்குப் பார்க்காமல் எந்தக் கடனைத் தள்ளுபடி செய்வது?

இத்தனை மரபுகளையும் எதைக்கொண்டு அளப்பது? என் கையில் இருப்பது ஒரே அளவுகோல். அது எங்கள் சித்தி வீட்டில் கிடைத்தது.

சித்தப்பா லாரி மோதி இறந்தார். மூன்றாம் நாள் ஜெபக்கூட்டத்தில் ஊழியர் ஒருவர் எழுந்து, ஓட்டுநரை மன்னித்துவிட்டேன் என்று இந்தச் சகோதரி இப்போது நம் முன்னால் சொல்வார் என்றார். எல்லார் கண்ணும் சித்தி மேல். சித்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள்; அவ்வளவு பொறுமைகூட எங்களுக்கு இல்லை. மன்னிப்பு, கொடுக்கிறவர் கையில் இருக்கிற பொருள். தேற்றப் போனவர்கள் அதை வசூல் பண்ணக் கூடாது.

அதற்குப் பிறகு வந்த ஒரு பெரிய வெள்ளியில், மும்மணி ஆராதனையில், எங்கள் ஐயர் கர்த்தரின் ஏழு வார்த்தைகளில் முதலாவதைப் பேசினார். சிலுவையில் கர்த்தர் நான் மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை, மன்னிக்கும்படி பிதாவிடம் கேட்டார் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நம்மால் முடியாத நாளில் அதைப் பிதாவின் கையில் கொடுத்து வைக்கலாம் என்றார். மூன்றாம் வார்த்தையில் அதே வாய் தாயைச் சீஷனிடம் ஒப்படைத்ததை வேறொருவர் பேசினார். சித்தி அன்று கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் சொல்லவில்லை.

பதினோரு வருடம் கழித்து அந்த ஓட்டுநர் மாரடைப்பில் இறந்த சேதி வந்தது. இரண்டு ஊர் தள்ளித்தான் வீடு. சித்தி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். என்ன பேசினீங்க சித்தி என்று கேட்டேன்.

“என்னத்தப் பேச. அடுப்பு பத்த வைக்காம கிடந்துச்சு. பிளாஸ்க்ல காப்பி கொண்டு போயிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு ஊத்திக் குடுத்துட்டுப் பக்கத்துல இருந்தேன்.”