இரக்கத்துக்கும் ஒரு விதி வேண்டும்

சட்டத்தைவிட அன்பே பெரிது என்ற வாக்கை நாஞ்சில் நாட்டுக் கோயில்களில் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் கேட்கிறோம். ஓய்வுநாளென்றும் பாராமல் சூம்பிய கையைக் குணமாக்கிய இயேசு அதற்குச் சாட்சி. அதை நானும் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் இந்த மண்ணில் மனிதரை வதைத்தது பெரும்பாலும் சட்டமா, சட்டத்தின் வேடம் போட்ட வழக்கமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1818இல் நாகர்கோவிலில் ஊழியத்தைத் தொடங்கியவர் சார்லஸ் மீட். பள்ளிகள், அச்சகம் என அவர் ஊன்றியவை பல. துணைவியை இழந்திருந்த அவர், முதிர்ந்த வயதில், தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த உபதேசியார் ஒருவரின் மகளை மணந்தார். வேதத்தின் எந்தக் கட்டளையும் அதைத் தடுக்கவில்லை. உடன் ஊழியர்களோ ஏற்க மறுத்தார்கள். லண்டன் மிஷன் சங்கத்தை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. பிறகு திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக உழைத்தார். அவரைத் தள்ளியது நிறத்தையும் சாதியையும் பார்க்கும் எழுதாத வழக்கம். இத்தகைய வழக்கத்தின் முன் அன்பு பணியக்கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இதே கொள்கை வழுக்கும் இடமும் உண்டு. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால், நெல்லை மாவட்ட எல்லைக்குள், வடக்கன்குளம். 1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். சாதி பாராமல் எல்லோரோடும் கலந்து பழகிய அவர் 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் எழுந்த கோயிலோ சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து நின்றது, நடுவில் சுவர். யார் மனமும் நோகாமல், சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் பெருந்தன்மையாகவே அன்று அது பலருக்குத் தோன்றியிருக்கும். ஒதுக்கப்பட்டவரின் மனம் அந்தக் கணக்கில் சேரவில்லை. 1910இல் சுவரை இடித்தது கண்டிப்பான ஓர் ஆணை. பிரிவினையை உரிமையாகக் கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இங்கே ஏழையின் பக்கம் நின்றது விதிதான்.

இன்றும் விதி நெகிழ்ந்தால் முதலில் நெகிழ்வது செல்வாக்குள்ளவர் பக்கமே. தவக்காலத்தில் திருமணம் வைப்பதில்லை என்பது வழக்கம். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த மாப்பிள்ளைக்கு அது தளர்ந்தால் மகிழ்ச்சிதான். கூலிக்காரர் வீட்டு மகளுக்கும் அதே தளர்வு கிடைக்குமா? ஆளைப் பார்த்து அளக்கும் இரக்கத்துக்குச் சலுகை என்றுதான் பெயர். புதினாவில்கூடப் பத்தில் ஒன்று கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களைக் கடிந்த இயேசு, இரக்கத்தோடு நீதியையும் சேர்த்தே சொன்னார். பிரசங்கங்களில் இந்தப் பாதி விடுபடுகிறது.

இரக்கத்தையே விதியாக்கியதற்கு நல்ல முன்மாதிரி கல்லறை விஷயத்தில் இருக்கிறது. தெளிந்த மனதோடு தன் உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது 1917இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். 1983இன் புதிய சட்டத்தொகுப்பு அந்தத் தடையை நீக்கிவிட்டது. அத்தகைய வீட்டின் துயரம் எவ்வளவு கொடியது என்று அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை புரியும். பங்குத்தந்தையின் மனநிலையையோ குடும்பத்தின் அந்தஸ்தையோ நம்பி அந்த வீட்டார் நிற்க வேண்டியதில்லை, கேட்பது உரிமையாகிவிட்டது.

சபைகள் இதைத் தங்கள் விதிப் புத்தகங்களுக்கும் கொண்டுவர வேண்டும். சந்தா பாக்கி, வேறு சபையில் நடந்த திருமணம் என்று எந்தக் காரணம் இருந்தாலும், சாவு வீட்டில் கமிட்டி கணக்கு கேட்கக்கூடாது. முதலில் மணி அடித்து அடக்கம் செய்ய வேண்டும், மற்றப் பேச்சு பதினாறாம் நாளுக்குப் பிறகு என்று எழுதி, சபைக் கூட்டத்தில் நிறைவேற்றி, எல்லோரும் படிக்கும்படி ஒட்டி வைக்க வேண்டும்.