வாகனப் பட்டறையில் மல்டிமீட்டர்: பெங்களூரு வழக்கமும் இலங்கை வழக்கமும்

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் அளக்க உதவும் மல்டிமீட்டர், இரு நாட்டுப் பட்டறைகளிலும் இன்று பரவலாகக் காணப்படினும், எதை வாங்குவது, எவ்வாறு கையாள்வது என்பதில் பணியாளரின் வழக்கம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானிப்பது பட்டறைக்கு வந்து நிற்கும் வண்டியே.

பெங்களூருவில் அல்சூரை ஒட்டியுள்ள ஜோகுபாளையம் போன்ற குடியிருப்புப் பகுதிகளின் சிறு பட்டறைகளுக்கு ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், ஆட்டோரிக்‌ஷா ஆகியவையே மிகுதியாக வருகின்றன. இவற்றின் மின்னமைப்பு பெரும்பாலும் 12 வோல்ட் என்பதால், ஒரு பல்பையும் இரண்டு வயர்களையும் கொண்ட டெஸ்ட் லேம்ப்பே நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி இந்நிலையை மாற்றியது. கார்புரேட்டரை நீக்கி எரிபொருளை அளந்து பீய்ச்சும் முறை இருசக்கர வண்டிகளிலும் பரவவே, 5 வோல்ட் அளவில் மிகச் சிறு மின்னோட்டத்துடன் இயங்கும் சென்சார்களும், அவற்றின் குறிப்பை ஏற்று இன்ஜினை நடத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பட்டறைக்குள் நுழைந்தன. பல்பு எரியத் தேவையான மின்னோட்டத்தை சென்சார் வயர் தாங்காது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடையோ பொதுவாக 10 மெகாஓம் என்ற அளவில் இருப்பதால், அது சுற்றிலிருந்து ஏறக்குறைய எதையும் இழுக்காமல் அளக்கிறது. ஆயினும் ஹெட்லைட், ஹார்ன் போன்ற சுற்றுகளில் வயர் உண்மையிலேயே சுமை தாங்குகிறதா என்பதைக் காட்டுவதில் பழைய பல்பே மேலானது என்பதால், அதை முற்றிலும் ஒதுக்குவதும் தவறு.

பெங்களூருவின் எஸ்.பி. ரோடு கடைகளில் எளிதில் கிடைக்கும் மலிவான சிறு மீட்டர்களில் கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு: அவற்றுள் பலவற்றின் 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே ஃபியூஸ் கிடையாது. மின்னோட்டம் அளந்த பின் சிவப்பு வயரை அத்துளையிலேயே மறந்துவிட்டு பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால், மீட்டரே குறுக்குச் சுற்றாகி வயரை எரித்துவிடும்.

இலங்கையின் நிலை வேறு. அங்கே ஜப்பானிலிருந்து பயன்படுத்திய நிலையில் இறக்குமதியான கார்கள், அவற்றுள்ளும் பிரியஸ், அக்குவா முதலிய ஹைபிரிட் வண்டிகள், சாலைகளில் மிகுந்துள்ளன; 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 தொடக்கம் வரை நீடித்ததால், இருக்கும் வண்டியையே பழுதுபார்த்து ஓட்டும் தேவை கூடியது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பேட்டரித் தொகுதியில் 7.2 வோல்ட் கொண்ட 28 கூறுகள் தொடராக இணைந்து 201.6 வோல்ட்டைத் தருகின்றன. நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்டது உயிருக்கு ஆபத்தானதாகக் கொள்ளப்படுவதால், இங்கே மீட்டரின் தரம் பணியாளரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. எதிர்பாராத மின்னழுத்த எழுச்சியை மீட்டர் தாங்கும் திறனைக் குறிக்கும் ‘கேட் 3’ முத்திரையும், அதற்கு இணையான தரமுள்ள சோதனை வயர்களும், 1000 வோல்ட் வரை காக்கும் ரப்பர் கையுறையும் இன்றி அத்தொகுதியைத் திறத்தலாகாது. பேட்டரியைத் துண்டிக்கும் பாதுகாப்புச் செருகியை நீக்கிய பின்னரும், மின்தேக்கிகள் வடிவதற்கு உற்பத்தியாளர் வகுத்த நேரம், டொயோட்டா வண்டிகளில் பொதுவாக 10 நிமிடம், காத்திருக்க வேண்டும்.

இந்த ஹைபிரிட் பேட்டரிப் பணியிலிருந்து இந்தியப் பட்டறைகள் கற்கத்தக்கது ஒன்றுண்டு. கூறுகளைத் தனித்தனியே வெறுமனே அளந்தால் பழுதானதும் நல்லதைப் போன்றே எண் காட்டக்கூடும். ஒவ்வொன்றிலும் ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சில நிமிடம் எரியவிட்டு அளக்கும்போதுதான், பழுதான கூறு மற்றவற்றைவிட விரைந்து சரிகிறது. சுமையின் கீழ் அளத்தல் எனும் இக்கோட்பாடு 12 வோல்ட் வண்டிக்கும் அப்படியே பொருந்தும். கடற்காற்றின் உப்பு படியும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பாடியோடு இணையும் எர்த் முனைகள் அரிக்கப்படுவது இயல்பு; அவ்விணைப்பில் 0.01 ஓம் மட்டுமே தடை ஏற்பட்டாலும், கார் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது 1.5 வோல்ட் அங்கேயே வீணாகும். மலிவு மீட்டரின் ஓம் அளவு 0.1-க்குக் கீழ் காட்டாது என்பதால், இணைப்பு நன்றாக இருப்பதாகவே அது சொல்லும். ஆகவே மீட்டரை வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் எதிர்முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே, ஸ்டார்ட்டர் சுழலும்போது அளப்பதே முறை. அது ஏறத்தாழ 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் பழுது எர்த்தில் உள்ளது. பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிப் பணத்தை இழந்த பின் எர்த் வயரைத் தேய்க்கும் வழக்கம் இரு நாடுகளிலும் ஒழிய வேண்டியது.

வயரைப் பிரிக்காமல் சுற்றி வளைத்து அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை: வீட்டு மின்பணிக்கென விற்கும் எளிய வகை மாறுமின்னோட்டத்தை மட்டுமே உணர்வதால், பேட்டரி வயரில் பூச்சியத்தையே காட்டும்.

உயர் மின்னழுத்த ஆபத்து இனி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பெங்களூருவில் உருவாகி 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா மின்காரின் பேட்டரி 48 வோல்ட்டே ஆதலால் 60 வோல்ட் எல்லைக்குள் அடங்கியது. இன்றைய மின்கார்கள் பலவோ 300 வோல்ட்டைக் கடந்துவிட்டன. எனவே ஜோகுபாளையத்துப் பணியாளரும் கொழும்புப் பணியாளரைப் போலவே, மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் மீட்டரை முதலில் வைத்துப் பார்த்து, பின் துண்டித்த சுற்றை அளந்து, மீண்டும் முதலிடத்தில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும்.