நலம், நலமறிய அவா: ஆறுதலுக்குள் இருக்கும் ஏவல்

பள்ளிக்கூடம் நமக்குக் கற்றுக்கொடுத்த கடிதம் 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கும். எழுதுகிறவரும் நலம், படிக்கிறவரும் நலமாகத்தான் இருப்பார் என்ற அனுமானத்தின் மேல் கட்டப்பட்ட வடிவம் அது. படிக்கிறவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் முதல் வரியே உதவாமல் போய்விடுகிறது. 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதக் கை கூசும். காலியான அந்த இடத்தில் வந்து உட்காருவது கட்டளைதான். தைரியமாக இருங்கள், கவலைப்படாதீர்கள், நன்றாக ஓய்வெடுங்கள், மனசைத் தளரவிடாதீர்கள். எல்லாமே ஏவல் வினை. (தமிழ் எம்.ஏ. படித்ததில் இப்படியும் ஒரு உபயோகம்.) இன்று செல்போனில் வரும் 'விரைவில் நலம் பெற வாழ்த்துகள்' இன்னும் சுருக்கமானது. அந்த 'விரைவில்' யாருடைய அவசரம்? கிடக்கிறவருக்கு நாள் நகர்வதில்லை. நோயாளியைப் பார்த்துத் தொந்தரவுபடும் ஆரோக்கியர்களின் அவசரம்தான் அது.

இந்த ஏவலின் சுமை எவ்வளவு என்று பார்க்கப் புதுமைப்பித்தனிடம் போகலாம். 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனே போன இடத்தில் காசநோய் அவரை வீழ்த்தியது. திருவனந்தபுரம் திரும்பி 1948 ஜூன் 30இல் இறந்துபோனார். மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாயின. அந்தக் கடிதங்களை நாம் காதலின் ஆவணமாக, வறுமையின் ஆவணமாகப் படித்துப் பழகிவிட்டோம். எனக்கு அவற்றில் உறுத்துவது வேறு. ஆறுதல் தேவைப்படுகிறவரே ஆறுதல் சொல்கிறவராகவும் ஆக வேண்டியிருக்கிறது. நோயாளி முதலில் தன்னைச் சுற்றியிருப்பவர்களின் பயத்தைத் தீர்க்க வேண்டும், பிறகு வேண்டுமானால் தன் இருமலைப் பார்த்துக்கொள்ளலாம். கமலாவும் கதை எழுதியவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், இந்த ஒருபக்க உரையாடல் இன்னும் கனக்கிறது.

'ஓய்வெடு, நன்றாகச் சாப்பிடு, மனசைத் திடமாக வை' என்பது வெறும் உபசார மொழி மட்டுமில்லை, ஒரு காலத்து வைத்தியமும் அதுதான். சானடோரியம் என்கிற நிறுவனமே இந்த மூன்று ஏவல்களின் மேல் நின்றது. தாம்பரம் சானடோரியம் தொடங்கியது 1928இல். அந்த நம்பிக்கையை உடைத்த ஆய்வும் சென்னையிலேயே நடந்தது என்பதை நம் எழுத்தாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் ஒரு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் மட்டம். இருந்தும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குணப்படுத்தியது மாத்திரை.

ஆனால் மொழி மட்டும் சானடோரியத்தை விட்டு வெளியே வரவில்லை. 'தன்னம்பிக்கையால் நோயை வென்றவர்' என்று இன்றும் எழுதுகிறோம். அப்படியானால் செத்துப்போனவர்? அவருக்குத் தன்னம்பிக்கை போதவில்லையா? சூசன் சொண்டாக் 1978இல் நோயை உருவகமாக்கும் சொல்லாடலைப் பிரித்துக் காட்டியபோது சொன்னதும் இதையொட்டித்தான்: நோயைக் குணத்தோடு முடிச்சுப்போட்டால் குற்றம் நோயாளியின் தலையில் விழும். அரசுக்குக்கூட இது கொஞ்சம் புரிந்திருக்கிறது. காசநோயாளியின் சாப்பாட்டுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் என்று அறிவித்திருக்கிறது. போதாதுதான். ஆனால் அது ஏவல் இல்லை.

நம் வட்டங்களில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். தோழர் படுத்துவிட்டால் 'களம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதுகிறோம். காத்திருப்பது களமா, வீட்டு வாடகையா என்று கேட்பதில்லை. சிறுபத்திரிகைகள் நோயுற்ற எழுத்தாளனுக்கு நாலு வரி ஒதுக்கும், அஞ்சலிக்கு நாற்பது பக்கம் ஒதுக்கும்.

வேறு மாதிரி ஆறுதல் உண்டா? உண்டு. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையிலேயே இருக்கிறது. ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை, படுத்துக் கிடக்கும் மனைவியிடம் தைரியம் போதிப்பதில்லை. கடையிலிருந்து சேலைகளைக் கொண்டுவந்து காட்டுகிறார். ஊருக்குப் போவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற உரிமை செல்லம்மாளிடம் கடைசிவரை இருக்கிறது. அவள் பிழைக்கவில்லை என்பதால் அந்தப் பேச்சு பொய்யாகிவிடவில்லை.

ஏட்டில் எழுதாத ஆறுதலை நான் கேட்டது பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவில். இந்த ஊர்களில் உடம்பு விசாரிக்க நேரில்தான் போவார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் இப்போது செல்போனில் குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய ஒருவர் தனக்கு வந்ததைப் போட்டுக்காட்டினார். "மொகத்துவாரம் தூந்துகினு வருதுணா. எறா வெல எறங்கிச்சு. உன் வலைய நான் எடுத்துப் பிரிச்சுப் போட்டுகிறேன், ஊசிய எங்க வெச்சிகிற?" அவ்வளவுதான். நலம் என்கிற சொல்லே அதில் இல்லை.

இந்த ஏரியில் பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. சீட்டுப்போட்டு, மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது. தமிழில் பாடு என்றால் துன்பம், உழைப்பும்தான். ஏரிக்கரையில் அது பங்கும்கூட. எல்லாக் குப்பத்துக்கும் பாடு கிடையாது, யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்பதில் சாதியும் தகராறும் இருக்கிறது. ஆகவே இதைச் சமத்துவப் பொன்னுலகம் என்று காட்ட எனக்கு உத்தேசமில்லை. நான் கவனிப்பது அந்தக் குரல்பதிவின் வாக்கிய அமைப்பை. அதில் ஏவல் இல்லை, வினா இருக்கிறது. கிடக்கிறவருக்குத் தெரிந்தது, கேட்கிறவருக்குத் தெரியாதது என்று ஒன்று அதில் இருக்கிறது. பதில் வராமல் வேலை நடக்காது. நோயாளி அங்கே பரிதாபத்தின் பொருளாக இல்லை, பங்காளியாக இருக்கிறார்.

பதிலும் அதே போனில் இருந்தது. ஊசி கூரைக் கீற்றில் செருகியிருக்கிறதாம். கண்ணியைக் கண்டபடி போட்டு வலையைக் கெடுக்காதே என்று ஒரு வசவு, நடுவில் நாலைந்து இருமல்.