அடைப்புக்குறிக்குள் வராதவர்கள்

2026 ஜனவரி 14 அன்று தெஹ்ரானில் உள்ள இந்தியத் தூதரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஈரானில் இருக்கும் இந்தியர்கள், பயணிகள் விமானம் உட்படக் கிடைக்கிற போக்குவரத்தில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியர்கள் என்பதற்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியலும் இருந்தது: மாணவர்கள், புனிதப் பயணிகள், வணிகர்கள், சுற்றுலாப் பயணிகள். அந்தப் பட்டியலில் மீனவர்கள் இல்லை.

முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில் இருக்கிற கடியப்பட்டணத்தில் இந்த விடுபடல் சின்ன விஷயம் அல்ல. பஹ்ரைன், கத்தார், சவுதி, ஈரான் என்று அரபிகளின் லாஞ்சுகளிலும் ஈரானியரின் படகுகளிலும் மீன்பிடிக்க ஆண்களை அனுப்புகிற குமரிக் கரையூர்களில் இதுவும் ஒன்று. 2022 அக்டோபரில் பஹ்ரைனிலிருந்து கடலுக்குப் போய்க் காணாமல்போன இருவர் இந்த ஊர்க்காரர்கள். இப்படிப்பட்ட ஓர் ஊரில் நின்று பார்க்கும்போது, அரசுகள் வெளியிடும் பயண எச்சரிக்கை என்கிற வழக்கத்தின் பலமும் குறையும் வேறு மாதிரித் தெரிகின்றன. தலைநகரங்களில் நடக்கும் விவாதம் சுற்றுலாவையும் ராஜதந்திரத்தையும் பற்றியது. இங்கே கேள்வி ஒன்றுதான்: ‘கிளம்பு’ என்று சொல்கிற அரசு, கிளம்ப முடியாதவனுக்கு என்ன செய்யப்போகிறது?

எச்சரிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எச்சரிக்கையைப் பூட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1988 டிசம்பர் சாட்சி. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானம் ஒன்று தாக்கப்படலாம் என்று ஹெல்சிங்கியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு அநாமதேயத் தகவல் வந்தது. மாஸ்கோவில் தூதரக ஊழியர்கள் பார்க்க அது ஒட்டப்பட்டது. பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. டிசம்பர் 21 அன்று பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பியின் மேல் வெடித்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் இறந்தார்கள். அந்தத் தகவல் புரளி என்றே விசாரணையில் முடிவானது. ஆனாலும் அரசு ஊழியருக்குத் தெரிந்த ஆபத்து சாதாரணப் பயணிக்கும் தெரிந்தாக வேண்டும் என்கிற கொள்கை அதற்குப் பிறகே அமெரிக்காவில் உறுதிப்பட்டது. ஒரு குடியரசு தன் மக்களுக்குச் செய்ய வேண்டிய அடிப்படைக் கடமை அது. எச்சரிக்கை வந்துவிட்டால் விமான நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் கல்லூரியும் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டிவரும். ஊரில் இருக்கும் குடும்பம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போதும் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

ஆனால் எச்சரிக்கை ஆபத்தை மட்டும் அளந்து எழுதப்படுவதில்லை. 2023 செப்டம்பர் 18 அன்று கனடா நாடாளுமன்றத்தில் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொலையோடு இந்தியாவைத் தொடர்புபடுத்திப் பேசினார். இரண்டு நாளில், கனடாவில் இருக்கும் இந்தியர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்கும்படி டெல்லி அறிவுறுத்தியது. 2025 நவம்பரில் தைவான் பற்றி ஜப்பான் பிரதமர் சனே தகாய்ச்சி சொன்னது பிடிக்காமல், ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சீனா தன் மக்களுக்குச் சொன்னது. டோக்கியோவின் தெருக்கள் அந்த ஒரு வாரத்தில் மோசமாகிவிடவில்லை. சுற்றுலா வருமானத்தின் கழுத்தைப் பிடித்தால் மற்ற நாட்டுக்கு வலிக்கும் என்பது கணக்கு. இந்த வலியை இலங்கை நன்றாக அறியும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு நாடாக வந்த எச்சரிக்கைகளால் விடுதிகள் காலியாயின. அங்கே ஆபத்து உண்மையானதுதான். ஆனால் எச்சரிக்கையை எப்போது தளர்த்துவது என்பது கொழும்போடு ஒவ்வொரு தலைநகரமும் நடத்திய பேச்சைப் பொறுத்ததாகவும் இருந்தது.

பகை நாட்டைப் பற்றிய எச்சரிக்கையில் மிகை இருக்கும் என்றால், நட்பு நாட்டைப் பற்றியதில் தயக்கம் இருக்கும். இந்தத் தயக்கத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 2023 அக்டோபர் ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு பாலஸ்தீனத் தொழிலாளர்களை இஸ்ரேல் வெளியே நிறுத்தியபோது, அந்த இடத்தை நிரப்ப இந்தியாவில் ஆள் எடுத்தார்கள். 2024 ஜனவரியில் ரோத்தக்கிலும் லக்னோவிலும் கொத்தனார்களும் கம்பி கட்டுபவர்களும் வரிசையில் நின்றார்கள். அரசு அமைப்புகளே ஆள் சேர்த்தன. மார்ச் 4 அன்று இஸ்ரேலின் வடக்கு எல்லையில் மார்கலியோட் தோட்டத்தில் லெபனானிலிருந்து வந்த ஏவுகணை கேரளத் தொழிலாளி ஒருவரைக் கொன்றது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாறுங்கள் என்று தூதரகம் மறுநாள் சொன்னது. ஏப்ரல் 2 அன்று புதிய திட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்டவர்களின் முதல் குழு டெல்லியிலிருந்து வழியனுப்பப்பட்டது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் யாரும் போக வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. ஒரு கை ஆளை அனுப்பிக்கொண்டிருக்கும்போது மறு கை தடுத்தால், தொழிலாளி எந்தக் கையை நம்புவான்?

ஈரான் விஷயத்தில் கோளாறு இன்னும் ஆழமானது. பத்தாம் வகுப்பு முடிக்காத ஒருவர் வேலைக்காக வெளிநாடு போக, 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் என்று 18 நாடுகளின் பட்டியல் இருக்கிறது. சவுதி, பஹ்ரைன், குவைத், கத்தார் முதல் மலேசியா, தாய்லாந்து வரை அதில் உண்டு. ஈரான் இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள நாட்டுக்கு முறைப்படி போகிறவரின் ஒப்பந்தம் அரசின் இணையப் பதிவில் ஏறும். பத்து லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் அவருக்குக் கட்டாயம். ஈரானுக்குப் போகிற குமரி மீனவருக்கு இந்த இரண்டுமே இல்லை. அவர் எந்தத் துறைமுகத்தில், யாருடைய படகில் இருக்கிறார் என்பது முகவருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும். அரசின் ஏட்டில் அவர் இல்லை. அடைப்புக்குறிக்குள் அவர் விடுபட்டதற்குத் தூதரக எழுத்தரின் மறதியைக் குறை சொல்வது சுலபம். விடுபடல் அதற்கு வெகு முன்பே சட்டத்தில் தொடங்கிவிட்டது.

அடைப்புக்குறிக்குள் இருந்தாலும் அவரால் என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடிக்கிற மீனில் பங்குதான் கூலி. பாஸ்போர்ட் பெரும்பாலும் படகு முதலாளியிடம் இருக்கும். கணக்குத் தீர்க்காமல் அவர் தரமாட்டார். விசா நாள் கடந்திருந்தால் அபராதம் கட்டியாக வேண்டும். ஊரில், போவதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது இதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. குமரி, நெல்லை, ராமநாதபுரம் மீனவர்கள் ஈரானின் தென்கரையில் படகுகளிலும் நெரிசலான அறைகளிலும் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பந்தர் அப்பாஸிலிருந்து கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது ஜூலை 1 அன்று. அந்தக் கப்பல் வந்ததற்காக நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். மார்ச்சிலிருந்து ஜூலை வரை என்பது நீண்ட காலம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, ‘ஆபரேஷன் சிந்து’ வழியாக இரு நாடுகளிலிருந்தும் 4,400க்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். வேகமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மீட்பு வழியின் வரைபடத்தைப் பாருங்கள். மாணவர்கள் தெஹ்ரானிலிருந்து கோமுக்கும், அங்கிருந்து மஷ்ஹதுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். வடமேற்கில் உர்மியாவில் படித்தவர்கள் ஆர்மீனியா வழியாக வந்தார்கள். எல்லாமே வடக்கு. மீனவர்கள் இருந்ததோ தெற்கே, கடலோரத்திலும் கீஷ் போன்ற தீவுகளிலும். அங்கிருந்து மஷ்ஹத் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

இதைவிட உறுத்துவது எச்சரிக்கைக்குப் பின்னால் வரும் பேச்சு. 2015இல் ஏமன் பற்றி ஜனவரி 21 முதலே அரசு திரும்பத் திரும்ப எச்சரித்தது. சனாவிலும் ஏடனிலும் இருந்த செவிலியர் பலர் கிளம்பவில்லை. சம்பளப் பாக்கியும் ஊரில் வாங்கிய கடனும் அவர்களைப் பிடித்துவைத்திருந்தன. ‘ஆபரேஷன் ராஹத்’ நாலாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்தது. அதோடு சேர்ந்து, முன்பே சொன்னோமே, ஏன் கேட்கவில்லை என்கிற குரலும் வந்தது. எச்சரிக்கை இங்கே குடிமகனைக் காப்பதை விட்டு அரசைக் காக்கத் தொடங்குகிறது. 2017 செப்டம்பரில் ஏமனுக்குப் பயணமே தடைசெய்யப்பட்டது. பின்னால், அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரளச் செவிலியரின் தாய், மகளுக்காக மன்னிப்பு கேட்கப் போவதற்கே டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

படித்தவருக்கு எச்சரிக்கை புரியும், மீனவனுக்குத்தான் புரியாது என்பதும் தவறு. 2022 பிப்ரவரி 15 அன்று, இருந்தே ஆக வேண்டிய அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறலாம் என்று உக்ரைன் தலைநகர் கீவில் இருந்த இந்தியத் தூதரகம் சொன்னது. வகுப்பை நிறுத்தாத பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு இருப்பது அவசியமா, இல்லையா? ஒன்பதாம் நாள் போர் வந்துவிட்டது.

கடியப்பட்டணத்துக்கு அரசின் ‘போகாதே’ புதிதல்ல. கடல் சீற்றம், கள்ளக்கடல் என்று ஆண்டு முழுவதும் எச்சரிக்கை வருகிறது. 2017 ஒக்கிப் புயலில் நாம் கற்றது, எச்சரிக்கை கரைவரை வந்தது, ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களை எட்டவில்லை என்பது. ஈரானில் நடப்பதும் அதுவே. இனிப் போகிறவனுக்குச் செய்தி உண்டு, போய்விட்டவனுக்கு வழி இல்லை. அதே சமயம், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை வரும்போது அரசு வெறும் கையோடு தடுப்பதில்லை. குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்தது 8,000 ஆகியிருக்கிறது. போதாது என்று மீனவர்கள் சொல்வது நியாயம். ஆனால் உன்னைத் தொழிலுக்குப் போகாதே என்று சொன்னால் உன் அடுப்புக்கும் நான் கொஞ்சம் பொறுப்பு என்பதை அந்தத் தொகை ஒப்புக்கொள்கிறது. பயண எச்சரிக்கையில் அந்த ஒப்புதல் கிடையாது.

மீனவனின் ஆபத்து என்ன வகை என்பதும் எச்சரிக்கை எழுதுகிறவர்களுக்கு எட்டவில்லை. போராட்டம் நடக்கும் இடங்களைத் தவிர்க்கவும், உள்ளூர் செய்திகளைக் கவனிக்கவும் என்று எழுதுகிறார்கள். 2024 செப்டம்பரில் ஈரானிலிருந்து மீன்பிடிக்கப் போன இடிந்தகரை மீனவர்கள் 28 பேர், பஹ்ரைன் எல்லைக்குள் வந்துவிட்டதாகப் பிடிக்கப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். போர் இல்லாத காலத்திலும் இருக்கிற ஆபத்து இது. பாரசீக வளைகுடாவின் கடல் எல்லை பற்றி ஓர் எச்சரிக்கையும் பேசுவதில்லை.

ஈரானை அந்த 18 நாடுகளோடு சேர்த்துப் பத்தொன்பதாக்க வேண்டும் என்பது என் முடிவு. இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: அனுமதி கட்டாயமானால் முகவர்கள் மீனவரைச் சுற்றுலா விசாவில் அனுப்புவார்கள். ஈரான் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 2024 பிப்ரவரியில் தந்த விசா விலக்கை, வேலை ஆசை காட்டிக் கூட்டிப்போய்ப் பணத்துக்காக ஆள் கடத்திய சம்பவங்களுக்குப் பிறகு 2025 நவம்பரில் நிறுத்திக்கொண்டது என்பதும் உண்மை. அதனால் பட்டியலில் சேர்ப்பது மட்டும் போதாது. பதிவு செய்வது ஊரிலேயே, மீன்வளத் துறை அலுவலகத்திலோ பங்கு அலுவலகத்திலோ முடிகிற காரியமாக இருக்க வேண்டும். படகின் பெயரும் துறைமுகமும் அதில் ஏற வேண்டும். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியம் இதைத் தொடங்கலாம். டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1983 சட்டத்துக்கு மாற்றாக 2025 அக்டோபரில் வெளியான வெளிநாட்டு வேலைவாய்ப்புச் சட்ட வரைவு இன்னும் திருத்தக்கூடிய நிலையில் இருக்கிறது. ‘வெளியேறு’ என்று அரசு சொன்ன நாளிலிருந்து பயணச் சீட்டுக்கும் விசா அபராதத்துக்கும் பாஸ்போர்ட்டை முதலாளியிடமிருந்து மீட்பதற்கும் தூதரகமே பொறுப்பு என்று அதில் ஒரு பிரிவு எழுதச் சொல்லி, குமரியின் நாடாளுமன்ற உறுப்பினரும் மீனவர் அமைப்புகளும் இப்போதே கேட்க வேண்டும்.