இறக்கிவைத்த நங்கூரம்

ரமணாசிரமம் பகுதிக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டர் தூரம். ஆனாலும் குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும் வெளிநாட்டவர்கள் கையில் ஒரு கடற்பயண நூலை அடிக்கடி பார்க்கலாம். பெர்னார் முவாட்டெஸியே பிரெஞ்சில் எழுதி 1971இல் வெளிவந்த, ஆங்கிலத்தில் 'தி லாங் வே' என்று அறியப்படும் நூல். அவர்கள் இதைப் பயணக்கதையாகப் படிப்பதில்லை. ஆன்மிக நூலாகவே படிக்கிறார்கள். அந்த வாசிப்பு எவ்வளவு சரி என்பதுதான் என் கேள்வி.

கதை எளிது. 1968இல் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' ஒரு போட்டி அறிவித்தது: எங்கும் நிற்காமல், தனியாளாக, பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர்தான். முவாட்டெஸியே வென்றிருக்கக்கூடியவர். 1969 மார்ச்சில் கேப் டவுன் அருகே ஒரு கப்பலின் தளத்துக்கு உண்டிவில்லால் ஒரு செய்தியை எறிந்தார். கடலில் மகிழ்ச்சியாக இருக்கிறேன், ஒருவேளை என் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான், நிற்காமல் போகிறேன் என்பது அதன் சாரம். ஜூனில் தாஹிட்டியில் கரை சேர்ந்தார். பரிசு, புகழ், ஐரோப்பா எல்லாவற்றையும் உதறிய துறவி என்ற பிம்பம் அன்றைக்கு உருவானது.

நூல் அழகானது, அதில் சந்தேகமில்லை. அலை, டால்பின், கடற்பறவை, படகிலேயே பழகிய யோகா எல்லாம் ஒரே சீரான மூச்சில் வருகின்றன. ஆனால் தொடக்கத்தில் வரும் ஒரு சின்ன விவரத்தை வாசகர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். புறப்படும் முன் படகின் எடையைக் குறைக்க இயந்திரத்தை இறக்குகிறார். கூடவே நங்கூரங்கள் பலவற்றையும் கனத்த சங்கிலியையும் இறக்கிவைக்கிறார். நடுக்கடலில் நங்கூரத்துக்கு என்ன வேலை? நியாயந்தான். நூலின் தத்துவமும் அதே நியாயத்தில்தான் நிற்கிறது: நிற்கவே போவதில்லை என்றால், நிற்பதற்கான கருவி சுமைதான்.

சின்னப் பாய்மரப் படகில் கரையோரமாகப் போகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். நடுக்கடலில் புயல் வந்தாலும் படகு ஒதுங்கி ஓட இடமிருக்கும். கரையோரத்தில் காற்று கரையைப் பார்த்துத் திரும்பிவிட்டால் போக இடமில்லை. அங்கே உயிர் நங்கூரத்தில் இருக்கிறது. அதன் எடை மட்டும் படகைப் பிடிப்பதில்லை. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து மீட்டர் சங்கிலியும் கயிறும் விட வேண்டும். இழுப்பு தரையோடு படுத்து வந்தால்தான் நங்கூரம் மணலைக் கவ்வும். கயிற்றைக் குறைத்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய்ப் பிடுங்கிக்கொள்ளும். ராத்திரி காற்று மாறினால் எழுந்து பார்க்கவும் வேண்டும். பாம்பன் தீவு மீனவர்களுக்கு இது பாடப்புத்தக விஷயமில்லை. வாடைக் காலத்தில் தென்கரை, தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடகரை என்று புகலிடம் மாறும். நிற்பதும் ஒரு கலை.

இந்தக் கலைதான் முவாட்டெஸியேவைப் பழிவாங்கியது. தென்பெருங்கடலின் அலைகளைத் தாங்கிய அவருடைய 'ஜோஷுவா', 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் நங்கூரமிட்டு நின்றபோது கரையில் தூக்கியடிக்கப்பட்டது. திறந்த விரிகுடா, கரையை நோக்கி அடித்த காற்று. அன்றிரவு இருபதுக்கும் மேற்பட்ட படகுகள் மணலில் கிடந்தன. அதற்கும் முன்பே இரண்டு படகுகளை அவர் கரையோரத்தில்தான் இழந்திருந்தார், டீகோ கார்சியாவில் ஒன்று, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. உலகத்தின் மிகப் பெரிய கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை.

இந்த நூலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளூர் நண்பர் ஒருவர் கேட்டார்: "அதெல்லாம் சரி சார், வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருந்தாங்களே, அவங்க என்ன ஆனாங்க?" நூலில் மனைவி ஃபிரான்சுவாஸும் அவருடைய பிள்ளைகளும் நினைவாக வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் தரப்பு இல்லை. இதை ஒழுக்கக் குறையாகச் சொல்லவில்லை. எழுத்தின் குறையாகவே சொல்கிறேன். கரையை எழுதாத கடல் நூல் பாதி நூல்தான்.

பக்கத்தில் ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) நாவலை வைத்துப் பாருங்கள். கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை மூவரும் நடுக்கடலில் மிதந்து தவிக்கிறார்கள். அந்தத் தவிப்புக்கு இடையிடையே ஆமந்துறை என்ற கரையின் முழு வாழ்க்கையும் வந்துகொண்டே இருக்கிறது. பாத்திரங்கள் அதிகம், சில இடங்களில் நாவல் நெரிசலாகிறது, உண்மைதான். ஆனால் அந்த நெரிசல்தான் கடலில் கிடப்பவனைப் பிடித்திருக்கும் கயிறு. அங்கே கடல் என்பது தொழில், திரும்பி வருவதுதான் நோக்கம். முவாட்டெஸியேவிடம் இல்லாத எடை இது.

இங்குள்ள வாசகர்கள் அவரை ரமணரோடு ஒப்பிடுவதும் உண்டு. ஒப்பிடலாம். 1896இல் மதுரையில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிய பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனும் வீட்டை விட்டவர்தான். ஆனால் செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்தவர், 1950இல் மறையும் வரை இந்த மலையை விட்டு நகரவில்லை. விட்டுவந்த அம்மா 1916இல் இங்கேயே வந்து சேர்ந்தார். அவருடைய சமாதியைச் சுற்றித்தான் ஆசிரமமே எழுந்தது. கிரிவலப் பாதையில் பலரும் பாடிப் போகும் அட்சரமணமாலையில் மாலுமியில்லாமல் பெருங்காற்றில் அலையும் கலம் உவமையாக வருகிறது. அப்படி ஆகாமல் காக்கச் சொல்வதுதான் அங்கே வேண்டுதல். முடிவில்லாமல் ஓடுவது யாருக்கும் வீடுபேறாகச் சொல்லப்படவில்லை.

'தி லாங் வே'யைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடலை இவ்வளவு நெருக்கமாகக் கேட்டு எழுதியவர்கள் குறைவு. விடுதலையின் கையேடாகத் தூக்கிக்கொண்டு அலையாமல், நங்கூரத்தை இறக்கிவைத்த ஒரு மனிதனின் கதையாகப் படித்தால் அது இன்னும் பெரிய நூல். கொஞ்சம் துயரமான நூலும்கூட.