வாத்தியார் கோமாளியான கிரகம்

2018-இல் சுங்கைப் பட்டாணியில் 'டிக் டிக் டிக்' பார்த்துட்டு வந்து, "தமிழ்ல முதல் விண்வெளிப் படம் தாத்தா" என்று பெருமையடித்தேன். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். "போடா, வாத்தியார் அப்பவே வேற கெரகத்துக்குப் போய்ட்டு வந்துட்டாரு" என்றார். நம்பவில்லை. 1963-இல் வந்த 'கலை அரசி'யைத் தேடிப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

ஏ. காசிலிங்கம் இயக்கிய படம். செட்டுகளைப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும். கதை அப்படியில்லை. அறிவியலில் முன்னேறிய ஒரு கிரகத்தில் கலை இல்லை. கற்றுத்தர ஆள் தேடி பூமிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது எம்.ஜி.ஆர். இல்லை, பாடத் தெரிந்த பானுமதி. அவரைத் தூக்கிச் செல்கிறார்கள். மீட்கப் போகும் எம்.ஜி.ஆர்., அங்கே தன் சாயலிலேயே இருந்து இறந்துபோன ஒரு கோமாளியின் வேடத்தில்தான் அவர் அருகே ஒளிந்திருக்க முடிகிறது. தோட்டத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய முகம், அந்தக் கிரகத்தில் வேடிக்கை காட்டிப் பிழைக்கிறது. கடைசியில் அவர்தான் ஜெயிக்கிறார், அது எம்.ஜி.ஆர். படமாச்சே. ஆனால் ஜெயிக்கும் வழி கோமாளி வேடம் வழியாகத்தான் போகிறது.

சக்தி சௌந்தர் ராஜனின் 'டிக் டிக் டிக்' ஆரம்பம் நன்றாகவே இருக்கும். பூமியை நோக்கி வரும் விண்கல்லைப் பிளக்க, விண்வெளி நிலையத்தில் உள்ள ஏவுகணையைத் திருட வேண்டும். ராணுவமே ஒரு திருடனைத் தேடி வருகிறது. ராக்கெட் கிளம்பியதும் ஜெயம் ரவி பழைய நாயகன் ஆகிவிடுகிறார்: பாசமுள்ள அப்பா, உலகைக் காக்கும் வீரன். சிரிக்க வைக்கும் வேலை முழுக்க இரண்டு நண்பர்கள் தலையில். 'கலை அரசி'யில் வீரனும் கோமாளியும் ஒரே ஆள். 55 வருசம் கழித்து இரண்டையும் பிரித்து வைத்துவிட்டோம்.

கூலிம் ஹைடெக் பார்க்கில் நானும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டித்தான் வேலைக்குள் போகிறேன். பார்க்க விண்வெளி வீரன் மாதிரிதான் இருக்கும். உள்ளே யாரும் தனி ஹீரோ கிடையாது. ஒருத்தர் கவனம் தப்பினால் எல்லார் வேலையும் போச்சு. எல்லாம் தெரிந்த நாயகனை என்னால் நம்ப முடியாததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, தெரியாத மண்ணில் இறங்கி, கிடைத்த வேடத்தைப் போட்டுப் பிழைத்தவர்களின் பேரன் நான். எனக்கு அந்தக் கோமாளிதான் சொந்தக்காரன்.

அடுத்த விண்வெளிப் படம் எடுப்பவர்கள் 'கலை அரசி'யை ஒருதரம் பார்க்கலாம். செட்டை விட்டுவிடுங்கள், கோமாளியைப் பாருங்கள்.